தணலிலிருந்து எடுத்த கிண்ணம்

சூளையிலே வெந்த பாத்திரத்தை ஆறவிட்டே வெளியில் எடுப்பர் என்பது நேயர்கள் அறிந்ததே. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்றுப் பட்டு வெடித்துவிடுமன்றோ? ஆனால், யப்பானியரின் 'ராக்கு' முறையிலோ, செக்கச் சிவந்து கனலும் கிண்ணத்தை நீண்ட குறட்டினாற் பற்றி அப்படியே வெளியில் எடுத்துவிடுகின்றனர்! அது வெடியாதிருப்பதன் இரகசியம் மண்ணிலேதான் உள்ளது. சுட்ட மண்ணை இடித்த பருந்தூளைக் களிமண்ணுடன் பிசைந்து செய்வதால், பாத்திரம் நுண்டுளைகள் நிறைந்ததாகி, திடீர்க் குளிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

16ஆம் நூற்றாண்டிலே, தேநீர்ச் சடங்கின் பேராசானாகிய சென் நோ ரிக்கியூவின் விருப்பத்திற்கிணங்க, கியோத்தோ நகரத்துச் சோஜிரோ என்பவர் இத்தகைய கிண்ணங்களைச் சக்கரமின்றிக் கையாலேயே உருவாக்கினார். அவர் மரபிலே இன்று 16ஆம் தலைமுறை நடைபெறுகின்றது.

இம்முறை அமெரிக்காவிற் புது வழியிற் சென்றது ஒரு தற்செயலே. 1960இல், கலிபோர்னியாவிலே கைவினைச் சந்தையொன்றிற் செய்துகாட்ட அழைக்கப்பட்டார் பால் சோல்ட்னர் என்னும் மட்பாண்டக் கலைஞர். பேர்னாட் லீச் 1940இல் வெளியிட்ட நூலே அவருக்கு வழிகாட்டி. சிறு சூளையொன்றைத் தாமே அமைத்துச் சுட்டார். வந்தவையோ அவருக்குத் திருப்தி தரவில்லை. சூடு தணியாத பாத்திரத்தை அருகிற் கிடந்த உதிர்ந்த இலைகளிற் புரட்டினார். இலை புகைந்தது, புகை மண்ணிற் புகுந்து விந்தை செய்தது!

இன்று அந்நாட்டில் வீட்டு முற்றத்திலேயே இச்சூளையை அமைப்போர் பலர். பழைய எண்ணெய்ப் பீப்பாவின் உட்புறத்தே வெப்பந்தாங்கும் நார்ப்போர்வையைப் பொருத்தி, கீழே வாயு அடுப்பொன்றை வைத்தாற் போதும். முன்னரே ஒருமுறை சுட்டுப் பூச்சிட்ட பாத்திரத்தை உள்ளே வைத்து, ஏறக்குறைய 1000 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுவர். பூச்சு முதலிற் கொப்புளிக்கும். பின்னர் நனைந்த கண்ணாடிபோல் மினுங்கும். அதுவே எடுக்கும் தருணம். எடுத்ததும் மரத்தூள் நிறைந்த தகரத்தில் இட்டு மூடிவிடுவர். காற்றுக் கிடையாத நெருப்பு, பூச்சிலுள்ள செம்பிலிருந்தே பிராணவாயுவைப் பறித்துக்கொள்ள, செம்பு தன் உலோகப் பளபளப்பைக் காட்டும். பூச்சில்லாத இடமெல்லாம் கன்னங்கரேலென்றாகும். பூச்சின் வெடிப்புக்களிலே கரி படிந்து வலைபோலாகும். இரண்டு கிண்ணங்கள் ஒன்றுபோல் அமைவதேயில்லை.

எமக்கு இதில் ஒரு சிறு வருத்தமும் உண்டு. தேநீர் அருந்துவதற்கென்றே பிறந்த கிண்ணம், கடல் கடந்து புகைகுடித்த பின்னர், பார்ப்பதற்கு மட்டும் உரியதாகிவிட்டது. நீர் ஊறும், வெடிப்புக்களில் அழுக்குத் தங்கும். பூச்சிற் சேர்த்த செம்பு உணவிலே கலக்கவுங் கூடும். பழைய பூச்சுக்கள் சிலவற்றிலே காரீயமும் சேர்ந்திருந்தது. அது குழந்தைகளுக்குக் கொடிய நஞ்சு. விற்பவர்கள் இதனை வாய்திறந்து சொல்லவேண்டாமா? புகைவண்ணக் கிண்ணமொன்றை எவரேனும் அன்பளிப்பாகத் தந்தால், அதிற் பிள்ளைக்குப் பால் வார்க்குமுன், எவ்வாறு சுட்டது, என்ன பூச்சு என்று கேட்டறியுங்கள். விடை தெரியாவிடின், அலுமாரியின் மேற்றட்டே அதற்கு ஏற்ற இடம்.