கிழிக்காத நோட்டு

கடைசித் தவணையை எண்ணி வாங்கியதும், கடன் கொடுத்தவர் பெட்டியிலிருந்து புரோநோட்டை எடுத்து, கடன்பட்டவன் கண்ணெதிரிலேயே கிழித்துப் போடுவார். அந்தக் காகிதம் கிழிகிற சத்தத்தோடு அவனுடைய தலைகுனிவும் தீர்ந்துவிடும். கறாரான வட்டிக்காரர்களிடம்கூட இந்தப் பண்பை நான் பார்த்திருக்கிறேன். இன்றைய பாங்கு நாகரிகத்தில் அதைத்தான் காணவில்லை.

என் நண்பர் ஒருவர் அச்சகத்தில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2012இல், மனைவியின் வைத்தியச் செலவால், ஒரு பாங்கின் கிரெடிட் கார்டில் அவருக்கு 18,000 ரூபாய் பாக்கி விழுந்தது. "பாதியைக் கட்டுங்கள், கணக்கை முடித்துவிடலாம்" என்று பாங்கே ஆள் அனுப்பிப் பேசியது. கட்டினார், ரசீதும் வாங்கினார். சமீபத்தில் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டு வேறொரு பாங்குக்குப் போனார். அங்கிருந்த இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பேர்ல 'செட்டில்டு'ன்னு ஒரு பழைய கணக்கு நிக்குதே!" என்றாராம்.

"அதுதான் முடிஞ்சு போச்சே தம்பி!"

"முடிஞ்சிருந்தா 'குளோஸ்டு'ன்னு இருக்கும் சார்."

இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் உள்ள பேதத்தை, பணத்தை வாங்கிக்கொண்டபோது அவருக்கு யாரும் சொல்லவில்லை. 'குளோஸ்டு' என்றால் முழுவதும் கட்டியவன். 'செட்டில்டு' என்றால் குறைத்துக் கட்டியவன். 'ரிட்டன் ஆஃப்' என்று இன்னொன்று உண்டு. அதைத் தள்ளுபடி என்று நினைத்து மகிழ்ந்து போகிறவர்கள் அநேகம். பாங்கு தன் ஏட்டைச் சுத்தம் செய்துகொண்டது என்பதுதான் அதன் பொருள். கடனும் போகவில்லை, கறையும் போகவில்லை. ஊரார் 'சிபில்' என்று சொல்கிற அறிக்கையில், 300 முதல் 900 வரை போடுகிற மார்க்கை இந்தக் கறைகள் கீழே இழுக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கைக்கடனுக்கு 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு தாண்டாமலிருக்க நோட்டின் முதுகில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்குவது நம் கிராமங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். கெடு கடந்தால் கடன் செத்துவிடாது. கோர்ட்டின் கதவு மூடிக்கொள்ளும். ஆனால், கோர்ட்டு மூடிய கதவைக் கம்ப்யூட்டர் திறந்தே வைத்திருக்கிறது. 2005இல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தையொட்டி எழுதிய விதிகள், இந்தத் தகவல்களைக் குறைந்தது 7 வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன. அமெரிக்காவின் 1970ஆம் வருஷத்துச் சட்டமோ, பெரும்பாலான பழைய பாக்கிகளை 7 வருஷத்துக்கு மேல் அறிக்கையில் காட்டக் கூடாது என்கிறது. எண் ஒன்றுதான். அங்கே அது கூரை, இங்கே தரை. லாபமே தெய்வம் என்று நாம் பழிக்கிற தேசத்துக்கு இருக்கிற மறதி, தர்மம் பேசுகிற நமக்கு இல்லை!

"பாங்கில் இருப்பது பொதுஜனங்களின் பணமல்லவா? ஏய்க்கிறவனை அடையாளம் காண வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நேற்று ஏமாற்றியவனை இன்று காட்டிக்கொடுக்கிற ஏட்டை நான் எதிர்க்கவில்லை. நோயாலும் வேலையிழப்பாலும் ஒருகாலத்தில் தடுக்கி விழுந்தவனை, எழுந்து நடந்த பிறகும் 'விழுந்தவன்' என்றே கூப்பிடுகிற ஏட்டைத்தான் எதிர்க்கிறேன்.

ஏட்டில் பிழை இருந்தால் இன்று பரிகாரம் உண்டு. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் பாங்கு 2023இல் உத்தரவிட்டது. நல்ல காரியம், கேட்டு வாங்குங்கள். ஆனால் பொய்யான கறைக்குத்தான் இந்த மருந்து. உண்மையான, ஆனால் மிகப் பழைய கறைக்கு என்ன மருந்து?

மஞ்சள் கடுதாசி கொடுத்தவனுக்குக்கூட, வெள்ளைக்காரன் 1920இல் எழுதிய இன்ஸால்வென்ஸி சட்டத்தில் விடுதலை உத்தரவு என்று ஒன்று இருந்தது. பாங்கு கேட்ட தொகையைக் கட்டி ரசீதும் வைத்திருக்கிற போர்மனுக்கு அது இல்லையென்றால், இது என்ன நியாயம்? தவறிய நாளிலிருந்து 7 வருஷம். அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது என்று சட்டத்தில் எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த நோட்டை அவர் கண்ணெதிரிலேயே கிழித்துப் போடுங்கள்.