பேட்டரி வீக்கா, மீட்டர் பொய் சொல்லுதா? 32 ஆயிரம் செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



போன ஐப்பசி மழையில கொல்லிமலை செம்மேட்டுல இருந்து எங்க மாமா பையன் போன் பண்ணினார். ரெண்டு ரூம் வெச்சு ஹோம்ஸ்டே நடத்துறவர். மேல சோலார் பேனல், கீழ இன்வெர்ட்டர், பழைய டியூபுலர் பேட்டரிக்குப் பதிலா புதுசா வாங்கின 12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி.

"மாப்ள, சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டர்ல 100 காட்டுது. ராத்திரி பத்து மணிக்கெல்லாம் வீடே இருட்டாயிடுது. கெஸ்ட் எல்லாம் திட்டுறாங்க."

கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு, "உங்க லோடுக்கு இது பத்தாதுங்க, பக்கத்துல இன்னொண்ணு போட்டுடலாம்"னு சொல்லி 32 ஆயிரத்துக்கு கொட்டேஷன் கொடுத்துட்டார். நகையை அடகு வெச்சாவது வாங்கிடலாம்னு இவரும் முடிவே பண்ணிட்டார்.

ஒரு வாரம் பொறுங்கன்னு சொன்னேன். முதல்ல கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12.8 வோல்ட்டை 100 ஆல பெருக்கினா 1280 வாட் ஹவர். இன்வெர்ட்டர்ல ஒரு 15 சதவீதம் வீணாப் போனாலும் கையில 1080க்கு மேல நிக்கும். மலையில ஃபேன் தேவையில்ல. லைட்டு, டிவி, வைஃபை, போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து இவர் லோடு சுமார் 120 வாட். அப்படின்னா ஃபுல் பேட்டரி 9 மணி நேரம் ஓடணும். நாலு மணி நேரத்துல நின்னா, பேட்டரி கெட்டிருக்கணும். இல்ல, ஆறு மணிக்கு அது ஃபுல்லாவே இல்லாம இருந்திருக்கணும்.

கரன்ட் ஒழுங்கா இருந்த ஒரு நாள், இபி லைன்ல சார்ஜ் ஏத்தினோம். மீட்டரை நம்பாம, சார்ஜர் 14.2 வோல்ட்டுக்குப் போய் கரன்ட் இறங்குற வரைக்கும் விட்டோம். அப்புறம் மெயினை அணைச்சுட்டு அதே லோடுல ஓட விட்டோம். 8 மணி 50 நிமிஷம் ஓடுச்சு!

பேட்டரி நல்லாத்தான் இருக்கு. தப்பு மீட்டர்ல.

மீட்டர் எப்படி ஏமாந்துச்சு?

பேட்டரிக்குள்ள எவ்வளவு மிச்சம்னு எட்டிப் பார்க்க வழி கிடையாது. மீட்டர் ரெண்டு வேலைதான் செய்யுது. உள்ள போற கரன்ட், வெளிய வர்ற கரன்ட் ரெண்டையும் எண்ணுது. நாம வரவு செலவு நோட்டு எழுதுற மாதிரி. ஆனா நோட்டுல தினமும் சின்னச் சின்னப் பிழை சேரும் இல்லையா? அதனால அப்பப்போ பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிட்டுச் சரி பண்ணுவோம். மீட்டருக்கு அந்த ஸ்டேட்மென்ட்தான் ஃபுல் சார்ஜ். "வோல்டேஜ் இவ்வளவு ஏறிடுச்சு, கரன்ட்டும் குறைஞ்சிடுச்சு, அப்போ நிறைஞ்சிடுச்சு"ன்னு முடிவு பண்ணி 100ன்னு போட்டுக்கும்.

இவரோட மீட்டர்ல அந்த "நிறைஞ்ச வோல்டேஜ்" 13.2ன்னு இருந்துச்சு. லெட் ஆசிட் பேட்டரிக்கு ஏத்த செட்டிங். அது சும்மா இருக்கும்போது ஃபுல்லுன்னா 12.7 வோல்ட் பக்கம்தான் நிக்கும். அதனால 13.2க்கு மேல ஏறி கரன்ட் குறைஞ்சா நிறைஞ்ச மாதிரிதான்.

ஆனா இவர் வாங்கினது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதோட குணமே வேற. 90 சதவீதத்துல இருந்து 20 சதவீதம் வரைக்கும் வோல்டேஜ் கிட்டத்தட்ட தட்டையா இருக்கும். நாலு செல் சேர்ந்த பேட்டரியில 13.3ல இருந்து 12.9 வரைக்கும்தான் இறங்கும். பாதி நிறைஞ்ச பேட்டரியில கொஞ்சம் சார்ஜ் ஏறினாலே 13.2ஐத் தாண்டிடும்.

இப்போ கொல்லிமலை மழைக்காலத்தை நினைச்சுப் பாருங்க. பகல் பூரா மேகம். பேனல்ல இருந்து வர்றது ரெண்டு மூணு ஆம்பியர். மீட்டர் என்ன நினைக்குது? வோல்டேஜ் 13.2க்கு மேல, கரன்ட் கம்மி, சரி, ஃபுல். பாதியில நிக்கிற பேட்டரிக்கு 100 போட்டுடுது. மேகத்தால குறைஞ்ச கரன்ட்டை, நிறைஞ்சதால குறைஞ்ச கரன்ட்டுன்னு எடுத்துக்கிச்சு. 100தான் இருக்கேன்னு இவரும் இபி சார்ஜிங்கை ஆன் பண்ணாம விட்டுட்டார்.

என்ன மாத்தினோம்?

மேனுவலைப் பார்த்து நாலு நம்பர் மாத்தினோம்.

1. நிறைஞ்ச வோல்டேஜ்: 13.2ல இருந்து 14.0. சார்ஜர் போற 14.2க்குக் கொஞ்சம் கீழ.
2. நிறையும்போது இருக்க வேண்டிய கரன்ட்: கொள்ளளவுல 4 சதவீதம், அதாவது 4 ஆம்பியருக்குக் கீழ, மூணு நிமிஷம் தொடர்ந்து.
3. பியூக்கர்ட் எண்: 1.25ல இருந்து 1.05. லெட் ஆசிட்ல வேகமா இழுத்தா கிடைக்கிறது குறையும். லித்தியத்துல அந்த இழப்பு ரொம்பக் கம்மி.
4. சார்ஜ் எஃபிஷியன்சி: 95ல இருந்து 99 சதவீதம்.

மொத்தம் 15 நிமிஷ வேலை. செலவு பூஜ்யம். இப்போ மழை நாள்ல மீட்டர் 50 காட்டினா, இவர் மதியமே இபி சார்ஜிங்கைப் போட்டுடுறார்.

என் கருத்து இதுதான்

இன்னொரு பேட்டரி வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? டேங்க் பெருசாகியிருக்கும், முள்ளு அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். அதே மேகத்துல ரெண்டு பேட்டரியும் பாதியிலயே நின்னிருக்கும். மேல நகைக் கடன் வட்டி வேற!

லித்தியம்னு பொதுவாச் சொல்லி வாங்காதீங்க. அதுக்குள்ள பல வகை இருக்கு. பல எலக்ட்ரிக் வண்டிகள்ல வர்ற என்எம்சி செல் 4.2 வோல்ட்ல நிறையும், எல்எஃப்பி 3.65ல. என்எம்சியோட வோல்டேஜ் சீரா இறங்கும், அதைப் பார்த்து ஓரளவு மிச்சத்தைச் சொல்லலாம். எல்எஃப்பியில முடியாது. அதனாலதான் பேட்டரி அளக்குற சிப் செய்யுற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாதிரி கம்பெனிகள், செல்லுக்குத் தகுந்த மாதிரி "கெமிஸ்ட்ரி ஐடி"ன்னு தனி நம்பரே வெச்சிருக்காங்க. எல்எஃப்பி கார் வெச்சிருக்கவங்க வாரம் ஒரு தடவை 100 வரைக்கும் ஏத்துங்கன்னு டெஸ்லா சொல்றதுக்கும் இந்தக் கணக்குச் சரிபார்ப்பு ஒரு காரணம்.

அதனால வாங்கும்போது பில்லுல கெமிஸ்ட்ரி என்னன்னு எழுதி வாங்குங்க. மாட்ட வர்றவர் மீட்டர் செட்டிங்கை மாத்திக் காட்டின பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்க. லேபர் சார்ஜ் வாங்குறவர் செய்ய வேண்டிய வேலைதான் அது. சார்ஜர் வோல்டேஜை மட்டும் பேட்டரி மேல ஒட்டியிருக்கிற அளவைத் தாண்டி மாத்தாதீங்க, பேட்டரியைப் பிரிக்கவும் கூடாது.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? ஒரு நாள் ஃபுல் சார்ஜ் ஏத்தி, தெரிஞ்ச லோடுல எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு எழுதி வைங்க. 9 மணி நேரம் ஓட வேண்டியது 5 மணி நேரத்துல நின்னா, அந்தப் பேப்பரோட போய் வாரன்டி கேளுங்க. ஓடிடுச்சுன்னா, பர்ஸைத் திறக்காம மேனுவலைத் திறங்க.

உங்க வீட்டு பேட்டரி எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. இந்த செட்டிங் மாத்துறதை வீடியோவாப் போடணும்னா அதையும் எழுதுங்க.