காருக்கும் வேண்டும் வெள்ளோட்டம்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் நம் ஊரில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அவற்றுள் அண்ணாமலையார் எழுந்தருளும் பெரிய தேருக்கு ஸ்பிரிங்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. மாட வீதியின் மூலையில் அதைத் திருப்புவது வடம் பிடிக்கும் பெருங்கூட்டம் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் திருப்புகிறவர்கள், சக்கரத்தை ஒட்டி நடந்து முட்டுக்கட்டை போடும் ஒரு சிலரே. எந்தச் சக்கரத்தின் கீழ், எந்தச் சாய்வில், எந்தக் கணத்தில் கட்டை விழ வேண்டும் என்பது அவர்கள் கண்ணில் இருக்கிறது. பழுது பார்த்த தேரை வெள்ளோட்டம் விட்டுப் பாராமல் விழாவுக்கு இழுக்கும் வழக்கமும் இல்லை. 2024ஆம் ஆண்டு விழாவுக்கு முன்பும் பெரிய தேரைச் செப்பனிட்டு வெள்ளோட்டம் விட்டார்கள்.

ஆண்டுக்கொரு நாள் ஓடும் தேருக்கு இத்தனை கண்கள்! ஆண்டு முழுதும் ஓடும் காருக்கு?

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். செங்கம் சாலையை விட்டுப் பிரிந்தபின் அடி அண்ணாமலை வழியாக மலையின் பின்புறத்தைச் சுற்றி வருகிறது. பௌர்ணமி இரவுகளில் வண்டிகளுக்குத் தடை உண்டு. மற்ற நாட்களிலோ வெறுங்காலோடு வலம் வரும் பாட்டியும், பள்ளி விட்டுத் திரும்பும் சிறுவனும், காரும், ஆட்டோவும் ஒரே பாதையில்தான். ஒரு காரின் ஸ்டியரிங் மூட்டு அங்கே கழன்றுவிட்டால், ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாயினும் அவர் கையில் இருப்பது வெறும் வளையந்தான்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று உண்டு: புதிய வண்டிக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். சொந்தக் காருக்கோ பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை அதன் அடியில் தலை நீட்டிப் பார்க்க எவருக்கும் கட்டாயம் இல்லை.

முன்பு அப்படியொரு கட்டாயம், சட்டத்தால் அல்ல, கிரீசால் இருந்தது! 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரை எண்ணிப் பாருங்கள். முன்புறம் முறுக்குத் தண்டு, பின்புறம் பட்டை ஸ்பிரிங். அதன் மூட்டுகளுக்கு அவ்வப்போது கிரீஸ் அடித்தாக வேண்டும். அதற்காக வண்டியின் அடியில் படுத்த மெக்கானிக், போகிற போக்கில் தேய்ந்த புஷ்ஷையும் ஒடிந்த பட்டையையும் பார்த்துவிடுவார். இன்றைய கார்களில் பெரும்பாலான மூட்டுகள் ரப்பர் உறைக்குள் மூடி வருகின்றன; கிரீஸ் அடிக்கும் வேலை இல்லை. நல்லதுதான். ஆனால் அந்த உறை ஒரு நாள் கிழிந்து, மண்ணும் மழைநீரும் உள்ளே புகுந்தால் மூட்டு சத்தமின்றித் தேயும். பார்ப்பதற்குத்தான் அடியில் ஆள் இல்லை.

சத்தம் வந்தபின் நாம் செய்வதென்ன? பட்டறையில் வண்டியை விட்டு, "முன்னாடி டக்டக்குன்னு கேக்குது, ஷாக் அப்சார்பரை மாத்திடுங்க" என்கிறோம். நோயாளியே மருந்துச் சீட்டு எழுதுவது போன்றது இது. மாற்றியபின்னும் சத்தம் கேட்கிறது. பிறகு ஸ்டெபிலைசர் லிங்க்; பிறகு கைகளின் புஷ். வண்டி பாதி புதிதாகிறது. கோளாறு பழையபடியே இருக்கிறது.

கோளாறைக் கண்டறியும் முறை கடினமானதன்று; பொறுமை கேட்பது. கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் டயரின் காற்றைப் பாருங்கள். அடுத்து முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரினுடையது. மாறாவிட்டால் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, எந்தச் சக்கரத்தில் அனல் அடிக்கிறதென்று பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். இவ்வளவுக்கும் செலவு ஏதுமில்லை.

ஆட்டத்தைக் கண்டறிய, சக்கரத்தைத் தூக்கி வண்டியை ஸ்டாண்டில் நன்றாக நிறுத்திக்கொள்ள வேண்டும். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆடினால் டை ராட் பக்கம் சந்தேகம். மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆடினால் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம், பேரிங்காகவும் இருக்கலாம். அப்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் மூட்டு. எவ்வளவு அழகான தர்க்கம்! நம் வகுப்பறையில் இதைச் சொன்னால் ஆராய்ச்சி முறை என்போம். பட்டறையில் சொன்னால் எண்ணெய்க்கறை என்று ஒதுங்கிப் போகிறோம்.

டயரும் பேசும். அதன்மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் ரம்பப் பல்லும் தட்டுப்பட்டால் சக்கரங்களின் நேர்க்கோடு தவறியிருக்கிறது. உடனே வீல் அலைன்மெண்ட் கடைக்கு ஓடிவிடக் கூடாது. தேய்ந்த மூட்டை மாற்றாமல் அலைன்மெண்ட் செய்வது, ஆடும் நாற்காலியில் நின்று சுவரில் படம் மாட்டுவது போலத்தான். கணினி எண் காட்டும்; வண்டி நகர்ந்ததும் எண் மாறிவிடும். முதலில் மூட்டு, பிறகு அலைன்மெண்ட். டை ராட் முனையை மாற்றியவர்கள் அலைன்மெண்ட் செய்யாமல் விடுவதும் அதே அளவு தவறு.

மெக்கானிக்குகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. குறை நம் பணப்பையில் இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் உதிரிப் பாகத்துக்குப் பேசாமல் கொடுக்கிற நாம், ஒரு மணி நேரம் தேடிக் கோளாறைக் கண்டுபிடித்தவரிடம் "ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் கூலி?" என்று கேட்கிறோம். கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லையென்றால் அவர் ஏன் கண்டுபிடிக்க வேண்டும்? பாகத்தை மாற்றிவிட்டுப் போகிறார். மருத்துவருக்கு ஆலோசனைக் கட்டணம் தருகிற சமுதாயம், மெக்கானிக்குக்கும் அதைத் தரப் பழக வேண்டும்.

இயற்பியல் வகுப்பில் தடையுறு அலைவுகளுக்குச் சமன்பாடு எழுதுகிறோம். ஷாக் அப்சார்பர் செய்வதும் அதைத்தான்: ஸ்பிரிங்கின் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்குகிறது. காரின் முன் மூலையை அழுத்தி விட்டால் ஒரு முறை எழுந்து அமர வேண்டும். தொட்டில் போல ஆடிக்கொண்டிருந்தால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு காரின் முன் அச்சுத் தொகுதியை வாங்கி ஆய்வகத்தில் வைத்தால் சமன்பாட்டைக் கையால் தொட்டுப் பார்க்கலாம் என்பது பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள்.

இன்னொன்று, நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு. தீபத்துக்கு முந்திய மாதம் அடி அண்ணாமலையில் ஒரு நாள் முகாம் போடலாம். ஊர் மெக்கானிக்குகள் நால்வரை அழைத்து, அவர்களுக்கு அன்றைய கூலியை முழுதாகக் கொடுத்து, வருகிற காரையும் ஆட்டோவையும் தூக்கிச் சக்கரத்தை அசைத்துப் பார்க்கச் சொல்லலாம். பழுதானால் எதையும் அங்கே மாற்ற வேண்டாம். எது ஆடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். பழுது நீக்கி வருபவரை மெக்கானிக் உடன் அமர்த்திக்கொண்டு, கூட்டமில்லாத சாலையில் ஓட்டிப் பார்க்கட்டும். நேராகப் போகிறதா, பள்ளத்தில் சத்தம் உண்டா, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறதா என்று கவனித்துத் திரும்பி வந்து, நட்டுகளை மீண்டும் ஒரு முறை ஸ்பானர் வைத்துப் பார்க்கட்டும். தாள் எழுதவும் டார்ச் பிடிக்கவும் எங்கள் வகுப்பிலேயே ஆட்கள் இருக்கிறோம்.