காணி உறுதியும் மன உறுதியும்

யாழ்ப்பாணத்திலே 'உறுதி' என்னும் சொல் இருபொருள்பட வழங்கி வருகின்றது. உள்ளத்தின் திண்மை ஒன்று. நொத்தாரிசு எழுதி, சாட்சிகள் கைச்சாத்திட்ட காணிப் பத்திரம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது எத்துணைப் பொருத்தம் என்பதை நான் கற்றது நூல்களிலிருந்தன்று. என் அன்னையாரின் துணிப்பை ஒன்றிலிருந்தே கற்றேன்.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு வெளியேறியபோது எனக்கு வயது பத்து. அன்னையார் பசுவை அவிழ்த்து விட்டார், படலையைச் சாத்தினார், சீதனமாகத் தமக்கு வந்த வளவின் உறுதியைத் துணிப்பையில் இட்டு இடுப்பிற் செருகிக்கொண்டார். "நாலு நாளில் வந்துவிடலாம்" என்றே எல்லாரும் பேசிக்கொண்டு நடந்தோம். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த அந்த இரவிலும் அப்பை எங்களுடன் வந்தது. குடை எங்கள் தலைக்கு இருக்கவில்லை. உறுதிக்கு ஒரு பொலித்தீன் உறை இருந்தது.

இதனைப் பேதைமை என்று எண்ணிய காலமும் எனக்கு உண்டு. முட்கம்பி வேலிக்கு அப்பால் இருக்கும் நிலத்துக்கு இப்பால் ஒரு கடதாசி எதற்கு? அதற்கு விடை 2013 இல் கிடைத்தது. வலிகாமம் வடக்கிலே 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் அவ்வாண்டு ஒட்டப்பட்டன. உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என்பதும் அவற்றில் இருந்தது. அந்த உரிமையாளருட் பலரோ சில கல் தொலைவில், மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களின் கொட்டில்களிலே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தனர்! இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். பெட்டிகளிலும் பைகளிலும் காத்த பழைய உறுதிகள் அன்று வெளிச்சத்துக்கு வந்தன.

பத்தாண்டு தடையின்றி ஆண்டவருக்குக் காணி உரித்தாகலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். போரினால் ஊருக்கும் நீதிமன்றுக்கும் போக முடியாதிருந்தவர் கதி என்ன? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு பரிகாரம் செய்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அத்தகையோருக்கு எதிராகக் கணக்கில் எடுத்தலாகாது என்று அது விதித்தது. சட்டம் சிலவேளை தாமதித்து வந்தாலும் தாயைப்போல வருவதுண்டு.

2017 ஜூலை 3 ஆந் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதனை அடுத்த 54 ஏக்கரும் இருபத்தேழு ஆண்டுகளின் பின் மக்களிடம் கையளிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 683 ஏக்கர் விடுவிக்கப்பட்டபோது எங்கள் வளவும் திரும்பக் கிடைத்தது. பத்திரிகைகள் ஏக்கரிலே எழுதுகின்றன. எங்களுடையது நான்கு பரப்பு, காலேக்கர்தான்.

அன்னையாரை அழைத்துச் சென்றேன். வீடு இருந்த இடத்தில் வீடில்லை. அத்திவாரத்தின் மேல் ஆளுயரத்துக்கு முட்பற்றை. வேலியில்லை, ஒழுங்கையில்லை, அடையாளஞ் சொல்ல ஒரு பனையுமில்லை. கிணறு ஒன்றே எஞ்சியிருந்தது. அதன் கட்டைத் தடவிப் பார்த்து, "இதுதான்" என்றார் அன்னையார். பின்னர் நிலத்தில் அமர்ந்து, பையை அவிழ்த்து, உறுதியை என் கையிலே தந்து எல்லைகளை வாசிக்கச் சொன்னார்.

நேயர்களே, உங்கள் வீட்டு உறுதியை ஒருமுறையேனும் வாசித்திருக்கிறீர்களா? காணி எங்கே இருக்கின்றது என்பதை அது எவ்வாறு கூறுகின்றது? வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே இன்னாருடைய வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய தோட்டம் என்று அயலவரின் பெயர்களைக் கொண்டே கூறுகின்றது. என் நிலம் எது என்று காட்ட என் பெயர் மாத்திரம் போதாது. அடுத்த வளவுக்காரரின் பெயர் வேண்டும். அவருடைய உறுதியிலோ என் அன்னையாரின் பெயர் எல்லையாக நிற்கும். அன்றைக்குத்தான் இது எனக்கு விளங்கியது.

கிழக்கெல்லைக்கு உரியவர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்மணி. தீபாவளிக்கு எங்கள் பலகாரம் அவர் வீட்டுக்குப் போகும். நத்தாருக்கு அவருடையது எங்கள் வீட்டுக்கு வரும். மயிலிட்டியிலே கண்ணகை அம்மன் கோயிலும் உண்டு, காணிக்கை மாதா கோயிலும் உண்டு. இரு கோயில் மணிகளையும் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அவர் இன்று தமிழ்நாட்டிலே, ஓர் அகதி முகாமில் இருக்கின்றார். அவருடைய வளவில் இப்பொழுதும் முட்பற்றையே நிற்கின்றது.

சென்ற மாதம் கனடாவிலிருந்து தமையனார் தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னார். "அங்கே யார் போய் இருக்கப் போகிறார்கள்? நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், விற்றுப் பங்கிட்டுக்கொள்வோம்." அதில் நியாயமும் இருந்தது. என் பிள்ளைகள் நகரத்துப் பாடசாலையிலே படிக்கின்றனர். வீடு கட்டும் செலவோ ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாதது. நானும் அரைமனத்தோடு இணங்கி, அன்னையாரிடம் கூறினேன். அவர் சினக்கவில்லை. "வித்தால் காசு வரும் தம்பி. ஆனால் அவள் திரும்பி வந்தால் ஆரிட்டைப் போய் நெருப்புப்பெட்டி கேப்பாள்?" என்றார்.

இலட்சக் கணக்குக்கு நெருப்புப்பெட்டியா விடை என்று முதலில் நகைத்தேன். இரவு உறக்கம் வரவில்லை. நாங்கள் விற்றுவிட்டால் அந்தப் பெண்மணியின் உறுதியிலே மேற்கெல்லை வெறும் பெயராகிவிடும். அவரும் அஃதறிந்து விற்பார். அப்படியே ஓர் ஊர், ஒருவர் கையும் படாமல், கடதாசியில் மாத்திரம் எஞ்சிவிடும்.

எல்லையைப் பற்றிய இவ்வுண்மை நிலத்துக்கு மாத்திரம் உரியதன்று. 2025 செப்டெம்பர் முதலாந் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க மயிலிட்டித் துறைமுகத்தின் மூன்றாங்கட்ட அபிவிருத்தியைத் தொடக்கி வைத்தார். அந்தத் துறைமுகத்திலேதான், எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளும் கொண்டுவந்து கட்டப்படுகின்றன. தங்கள் வள்ளங்களுக்கு இடமில்லை என்று உள்ளூர் மீனவர் வருந்துகின்றனர். கடலடியை வாரும் இழுவை மடியை இலங்கைப் பாராளுமன்றம் தடைசெய்ததும், துறைமுகம் மீண்ட அதே 2017 ஜூலையிலேதான். அக்கரையில் வருபவரும் தமிழர். அவருக்கும் வயிறு உண்டு. எங்கள் அயற் பெண்மணிக்கு நிழல் தந்ததும் அக்கரையே. எனினும் கடலுக்கு வேலி இல்லையென்பதால் எல்லையும் இல்லையென்றாகாது. அடுத்த வீட்டுப் பானையிலும் சோறு வேகவேண்டும் என்று நினைப்பதே அயலவருக்கு அழகு.

கண்ணகி அரசவையிலே கேட்டது நீதி. காட்டிய சான்று ஒரு சிலம்பு. எம்மவர் நீதி கேட்டபோது சான்றாக நின்றவை இந்தப் பழைய உறுதிகள். ஆயினும் கண்ணகை அம்மனின் சந்நிதியிலே இனி நான் வேண்டுவது நீதியை மாத்திரமன்று. கிடைத்ததைக் காக்கும் நெஞ்சையும் வேண்டுகிறேன். வலிகாமம் வடக்கிலே இன்னும் விடுபடாத காணிகள் உள. அவற்றுக்காக வெளியே காத்திருப்போர் நோக்க, விடுபட்ட நிலத்தை நாங்கள் வெறுமையாய் விட்டுவைத்தல் தகுமா?

தமையனாருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வீடு இப்போதைக்கு இல்லை. கிணற்றை இறைத்து, ஓர் அறையும் குசினியும் மாத்திரம் கட்டப் போகிறோம். வெள்ளிதோறும் அன்னையார் அங்கே விளக்கேற்றுவார். விடுமுறை நாட்களில் பிள்ளைகள் தண்ணீர் அள்ளப் பழகுவார்கள். தமையனாரின் பங்கு அவர் பெயரிலேயே இருக்கும்; அவர் பிள்ளைகள் வந்தால் கால் கழுவ நீர் இருக்கும்.

மாணவ மணிகளே, இன்று மாலை உங்கள் பாட்டியாரிடம் வீட்டு உறுதியைக் கேட்டு வாங்கி நான்கு எல்லைகளையும் வாசியுங்கள். அப்பெயர்களுக்கு உரியவர் இன்று எங்கே இருக்கின்றனர் என்று விசாரியுங்கள். எந்தப் பாடநூலிலும் காணாத ஊர்ச் சரித்திரம் அதிலே இருக்கும்.

சென்ற வெள்ளிக்கிழமை முதல் விளக்கை ஏற்றினோம். கடற்காற்று இருமுறை அணைத்தது. மூன்றாம் முறை அன்னையார் தம் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு ஏற்றினார். புறப்படும்போது நெருப்புப்பெட்டியைத் திரும்ப எடுத்து வர மறந்துவிட்டேன் என்றேன். "இருக்கட்டும் தம்பி" என்றார்.