மரக்காணத்துல மர டெக் போடுறீங்களா? முதல்ல எண்ணெய்க்குப் பணம் ஒதுக்குங்க



ஈ.சி.ஆர். பக்கம் வீக்எண்ட் வீடோ ஹோம்ஸ்டேயோ கட்டுறவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "வெளியில போடுற மர டெக்குக்கு எந்த சீலர் நல்லது?" என்னைக் கேட்டா, இது ரெண்டாவது கேள்வி. "வருஷா வருஷம் பூசுறதுக்குப் பணம் எங்கேர்ந்து வரும்?" இதுதான் முதல் கேள்வி. டெக் ஒருமுறைச் செலவு இல்ல. அது ஒரு சந்தா. சந்தா கட்ட முடியாதவங்க கடப்பா கல் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.

உப்பு விளையுற ஊர்ல மரம்

மரக்காணத்துல உப்பு விளையக் காரணமான கடல், வெயில், காற்று மூணுமே மரத்துக்கு எதிரி. வெயிலின் புற ஊதாக் கதிர், மர நார்களைப் பிடிச்சு வெச்சிருக்கிற லிக்னினைச் சிதைக்கும். பலகை சாம்பல் நிறமாகி, வெடிக்க ஆரம்பிக்கும். காற்றுல வர்ற உப்பு பலகை மேல படிஞ்சு, ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். சாதாரண இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிச்சு, பலகை ஆட ஆரம்பிக்கும். அதனால 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ கேளுங்க. அந்த இடத்துல மிச்சம் பிடிக்காதீங்க.

பளபளப்புக்கு மயங்காதீங்க

வார்னிஷ், பி.யு. கோட்டிங் எல்லாம் மரத்து மேல ஒரு படலமா நிக்கும். முதல் நாள் அழகுதான். ஆனா மரம் மழையில உப்பி வெயில்ல சுருங்கும்போது படலம் விரிசல் விடும். உள்ளே போன தண்ணி வெளியே வராது. மறுபடி பூசணும்னா முழுசா சுரண்டி, சாண்ட்பேப்பர் போட்டுத்தான் ஆகணும். கூலிதான் அங்கே பெரிய செலவு.

மரத்துக்குள்ள ஊறுற, நிறமி கலந்த எண்ணெய் ஸ்டெயின் அப்படி உரியாது, மெல்ல மங்கும். கழுவி, காயவிட்டு, மேலேயே பூசிக்கலாம். நிறமி வெயிலைத் தடுக்கும், நிறமில்லாத எண்ணெய்க்கு அந்தச் சக்தி குறைவு. பலகையின் வெட்டு முனைகளுக்கு மறக்காம ரெண்டு கை அதிகமா பூசச் சொல்லுங்க. தண்ணி அதிகமா இறங்குறது அங்கேதான்.

இப்போ கணக்கு

200 சதுர அடி டெக், சதுர அடிக்கு ₹600-னு வைங்க. மொத்தம் ₹1,20,000. (இது உதாரணக் கணக்கு. உங்க கொட்டேஷனைப் போட்டுப் பாருங்க.)

• ஒண்ணும் பூசாம 7 வருஷத்துல மாத்தினா: வருஷத்துக்கு சுமார் ₹17,140.
• வருஷம் ₹5,000-க்கு எண்ணெய் பூசி 10 வருஷம் ஓட்டினா: 12,000 + 5,000 = ₹17,000.

அதாவது எண்ணெய் மரத்தோட ஆயுளை 3 வருஷம் நீட்டினாலே போட்ட காசு வந்துடும். அதுக்கு மேல ஓடுற ஒவ்வொரு வருஷமும் லாபம். ஆனா வருஷம் ₹10,000 ஆகிற உயர்ரகப் பூச்சு வாங்கினா, டெக் 17 வருஷம் தாங்கினாத்தான் கணக்கு சரியாகும். அதனால என் ஓட்டு விலை உயர்ந்த பூச்சுக்கு இல்ல, திரும்பப் பூசுறதுக்கு சுலபமான பூச்சுக்குத்தான்.

எப்போ பூசுறது?

மழை முடிஞ்சதும் உப்பளத்துல முதல் வேலை உப்பு வாருறது இல்ல. பாத்தியைச் சுத்தம் பண்ணி, வரப்பு கட்டி, தரையை மிதிச்சுக் கெட்டியாக்குவாங்க. அந்தச் செலவு இல்லாம விளைச்சலே இல்லைனு அவங்களுக்குத் தெரியும். டெக்கையும் அப்படியே பாருங்க. அக்டோபர்–டிசம்பர் மழையில ஊறின மரத்துல உடனே பூசினா எண்ணெய் இறங்காது. நல்லாக் காய்ஞ்ச பிறகு, பிப்ரவரி–மார்ச் வாக்குல, நல்ல தண்ணியால உப்பைக் கழுவி ரெண்டு நாள் காயவிட்டுப் பூசுங்க. உச்சி வெயில் வேண்டாம். செப்டம்பர்ல பலகை மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க. முத்தா நிக்காம உறிஞ்சினா, மழைக்கு முன்னாடி இன்னொரு கை. எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானாவே சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவைங்க.

வரியில கிடைக்குமா?

வீட்டை வாடகைக்கு விட்டு, 'வீட்டுச் சொத்து' வருமானமா காட்டினா 30% நிலையான கழிவு. எண்ணெய் பூசினாலும் பூசாட்டியும் அதே 30%தான், பில் காட்டிக் கூடுதலா கேட்க முடியாது. ஹோம்ஸ்டேயைத் தொழில் வருமானமா, முறையான கணக்கு எழுதிக் காட்டினா, பூச்சுச் செலவு அந்த வருஷமே கழியும். டெக்கையே புதுசா போட்டா அது மூலதனச் செலவு, தேய்மானமா பல வருஷத்துலதான் கிடைக்கும்.

என் முடிவு

டெக் போடுற அன்னைக்கே ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க. மேலே சொன்ன உதாரணத்துல பூச்சுக்கு மாசம் ₹420, பத்து வருஷம் கழிச்சு மாத்துறதுக்கு மாசம் ₹1,000. விருந்தாளி காலை வெச்சதும் பலகை உடைஞ்சா ஆகிற செலவு எந்த ஆர்.டி.யிலயும் அடங்காது. இந்த ₹1,420 உங்க பட்ஜெட்டுல இடிக்குதுன்னா, டெக்கை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க. கல் தரையில உட்கார்ந்தாலும் அதே கடல் காத்துதான்!