ஊரைக் கேட்காமல் இணைக்காதீர்கள்



நகரங்களை ஒட்டிய ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் தமிழக அரசின் உத்தேச அறிவிப்புகள் 2025 தொடக்கத்தில் வந்தன. ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்றார்கள். யார் எழுதுவது? 2019 இறுதியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போய்விட்டது. ஊருக்காக வாதாட வேண்டியவர்கள் பதவியில் இல்லாத நேரத்தில் ஊரின் கருத்தைக் கேட்பது நியாயமா?

இணைப்பால் சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை வரும் என்பதை மறுக்கவில்லை. சில ஊர்கள் விரும்பியே சேரலாம். ஆனால் ஊரக வேலை உறுதித் திட்டம் கிராமப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. நிலமில்லாத பெண்களுக்கு அந்தக் கூலிதான் பிடிமானம். சொத்து வரியும் கூடும். எல்லாவற்றையும்விட, வாக்காளர் ஒவ்வொருவரும் எழுந்து கேள்வி கேட்கும் கிராம சபை இல்லாமல் போகும். நகரத்தின் பகுதி சபை அதற்கு ஈடாகாது.

ஆகவே, பாதிக்கப்படும் ஒவ்வொரு ஊரிலும் இதற்கென்றே சிறப்புக் கிராம சபை கூட்ட வேண்டும். எந்தெந்தப் புல எண்கள் சேர்கின்றன என்ற வரைபடத்தை ரேஷன் கடையில் ஒட்ட வேண்டும். வந்த மனுக்களை ஏற்றதற்கும் தள்ளியதற்கும் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். அதுவரை இறுதி அரசாணை கூடாது.

— வாசகர் ஒருவர், மதுரை மாவட்டம்