ஐந்தாவது கியர் ஏற்கெனவே இருக்கிறது

எம்.ஜி.பி. கார் வைத்திருப்பவர்கள் பழைய கியர்பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பெட்டியான 'டைப் 9'-ஐ மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சென்ற இதழில் ஒருவர் முழங்கியிருக்கிறார். நான்கு கியரை வைத்துக்கொண்டு மோட்டார்வேயில் போனால் எஞ்சின் அலறுகிறதாம். எஞ்சின் சுற்றைக் குறைக்க அந்தப் பெட்டியோடு சேர்க்கும் ஓவர்டிரைவை நம்பவே முடியாதாம். ஐந்து கியர் வந்தால் வண்டிக்கு மறுபிறவியாம். வேகமாக எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் மறந்துவிட்டார்.

அந்தக் கணக்கை நாம் போடுவோம். 1967 கடைசியில் வந்த, எல்லா முன் கியருக்கும் சின்க்ரோமெஷ் உள்ள எம்.ஜி.பி. பெட்டியில் மூன்றாவது கியரின் விகிதம் 1.38, நான்காவது 1.00. அதோடு லேகாக் ஓவர்டிரைவ் சேர்ந்தால் 0.82. சாதாரண டைப் 9 பெட்டியில் மூன்றாவது 1.37, நான்காவது 1.00, ஐந்தாவது 0.82. மணிக்கு 70 மைலில் வெறும் நான்காவது கியரில் எஞ்சின் ஏறக்குறைய 3,900 சுற்று சுற்றும். ஓவர்டிரைவைப் போட்டால் 3,200. சியரா பெட்டியின் ஐந்தாவதிலும் அதே 3,200தான். அவர் சிலாகிக்கும் நிசப்தமும் பெட்ரோல் மிச்சமும் எங்கிருந்து வந்தன? ஓவர்டிரைவ் இல்லாத வண்டியோடு ஒப்பிட்டுப் பெருமையைச் சேர்த்துக்கொண்டு, ஓவர்டிரைவ் உள்ள வண்டிக்காரரிடம் பில்லை நீட்டுகிறார்.

கீழ் கியர்களில் நிலைமை இன்னும் மோசம். டைப் 9-இல் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. முதல் கியரில் 5,000 சுற்று வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால் எஞ்சின் 2,700-க்கு விழுகிறது. எம்.ஜி.பி.யின் சொந்தப் பெட்டியில் அது 3,150-இல் நிற்கும். மலைச்சாலை வளைவிலிருந்து வெளியே வரும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இந்தக் குறையைச் சரிக்கட்ட, முதல் கியரை மாற்றியமைத்த செட் தனியாக விற்கிறார்கள், அதற்குத் தனிக்காசு. கட்டுரையில் இதைப் பற்றி மூச்சு இல்லை.

அவர் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. 1977-க்கு முந்தைய வண்டிகளில் ஓவர்டிரைவ் மூன்றாவது கியரிலும் வேலை செய்யும். 1.38 அப்போது 1.13 ஆகிறது. கிளட்சை மிதிக்காமல், சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு கியர். ஆக எம்.ஜி.யின் அபிங்டன் தொழிற்சாலை கொடுத்தது ஆறு விகிதங்கள். அதில் ஒன்றைத் தொலைக்கச் செலவு செய்வதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

ஓவர்டிரைவ் அடிக்கடி படுத்துவிடுகிறது என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். எதனால் படுக்கிறது என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலும் மின்கோளாறுதான்: துருப்பிடித்த கனெக்டர், தேய்ந்த சுவிட்ச், கியர்பாக்ஸ் மூடியிலுள்ள இன்ஹிபிட்டர் சுவிட்ச், சாலினாய்ட். அதற்கு அடுத்தது எண்ணெய் அளவு குறைவதும் வடிகட்டி அடைத்துக்கொள்வதும். ஒரு டெஸ்ட் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்தால் இவற்றில் பாதி விடை கிடைத்துவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார் இவர்.

வாரக்கடைசியில் முடிகிற வேலை என்று வேறு ஆசை காட்டுகிறார். எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸ் மட்டும் தனியாகக் கீழே இறங்காது. எஞ்சினையும் சேர்த்துத்தான் மேலே தூக்க வேண்டும். பிறகு வேறு பெல் ஹவுசிங், வேறு கிளட்ச் தகடு, நீளம் மாற்றிய புரொப்பெல்லர் ஷாஃப்ட், புதிய தாங்கி, ஸ்பீடோமீட்டரைத் திரும்பச் சரிபார்த்தல். எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். மாற்றலாம்தான், எஞ்சினை மறுபடி தூக்கி, மறுபடி கூலி கொடுத்து.

ஓவர்டிரைவே இல்லாத வண்டி, பழைய பெட்டியும் சிதைந்துபோய்விட்டது என்றால் ஐந்து கியர் நியாயமான வழிதான். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான வண்டிகள் பலவற்றில் ஓவர்டிரைவ் கிடையாது. அந்த வண்டிக்காரர்களுக்காக எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன். எல்லோருக்கும் ஒரே மருந்து என்று அவர் எழுதியதால்தான் இந்தப் பதில். ஒரு வயரைச் சோதித்துப் பார்க்கச் சோம்பல்பட்டு, நல்ல பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பச் சொல்பவருக்கு 'நவீனமாக்கல்' என்று பேச என்ன யோக்கியதை இருக்கிறது?